இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எங்கே?

(மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள் தம்பி, நான் அவ்வளவு உயரம் இல்லை. சரி, போதும்.

முப்பத்தோரு வருடம் நேர்முகத் தேர்வு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். கோவை வட்டாரத்தில் பஞ்சாலை, பவுண்டரி, பம்ப்செட், கடைசியாக ஆட்டோ பாகங்கள் என்று நான்கு இடங்களில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது அதற்குப் பெயர் பெர்சனல் டிபார்ட்மெண்ட். பிற்பாடு எச்.ஆர். என்று ஆனது. பெயர் மாறிய அன்று எங்களுக்குச் சுழல் நாற்காலி வந்தது. வேலை அதேதான்.

நேர்முகத் தேர்வில் ஒரு கட்டம் வரும். எங்கள் பக்கம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்திருப்போம். ஒருவர் பேனாவை மூடுவார். இன்னொருவர் அடுத்த பயோடேட்டாவைக் கையில் எடுத்திருப்பார். நடுவில் இருப்பவர் மரியாதைக்கு, "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்பார். எதிரில் இருக்கிற பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்து, "இல்ல சார், தேங்க் யூ சார்" என்று எழுந்துவிடும். கதவைச் சாத்திவிட்டுப் போய் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம், "அண்ணா, இங்க சம்பளம் ஒண்ணாந்தேதி கரெக்டா போட்டுருவாங்களா?" என்று கேட்கும். வாட்ச்மேன் என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. கேட்கத் தெரியாத பிள்ளை இல்லை அது. எங்களிடம் கேட்கலாம் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. நம் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேள்வி கேட்கிற குழந்தைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? அதிகப்பிரசங்கி. பதினேழு வருடம் வாயை மூடு என்று சொல்லி வளர்த்துவிட்டு, திடீரென்று ஒருநாள் கோட்டு போட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்து "ஏதாவது கேக்கணுமா" என்றால் என்ன வரும்? நேர்முகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அம்மா சொல்லி அனுப்புவதும் அதுதான்: "கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீயா எதையும் கேட்டு வைக்காதே."

அந்த அம்மாவின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. கேள்வி கேட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்பது நியாயமான பயம். போகலாம். அப்படிப் போனதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் கதை. 1989. பி.காம். முடித்துவிட்டு ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க் வேலைக்கு நேர்முகம். வட்டிக் கணக்கு கேட்டார்கள், சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். இல்லை சார். அடுத்த திங்கட்கிழமை சேர்ந்தேன். ஆலையில் ஷிஃப்ட் மூன்று: காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் 6. இது ஊருக்கே தெரிந்த விஷயம். டைம் ஆபீஸ் கிளார்க்கும் ஷிஃப்டில்தான் வர வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஆபீஸ் என்றால் பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருவது என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் இரவு 9.40. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது பஸ் போய் இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான்கு மாதம், இரண்டாம் ஷிஃப்ட் வந்த வாரமெல்லாம், அட்டெண்டன்ஸ் லெட்ஜர் இரண்டைத் தலைக்கு வைத்து டைம் ஆபீஸ் பெஞ்சில் தூங்கினேன். பிறகு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். "எனக்கு எந்த ஷிஃப்ட் சார்?" என்ற ஒரு கேள்விக்கு நான் கொடுத்த விலை அந்தச் சைக்கிளும் நான்கு மாத முதுகுவலியும்.

அதனால்தான் என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். நெட்டில் கிடைக்கிற "எம்ப்ளாயரிடம் கேட்க வேண்டிய இருபது கேள்விகள்" பட்டியலை மூடி வைத்துவிடு. ஒரு வெள்ளைத்தாளை எடு. அந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை, காலையில் கண்விழிப்பதிலிருந்து இரவு விளக்கை அணைப்பதுவரை எழுது. ஏன் செவ்வாய்க்கிழமை? திங்கட்கிழமை அலுப்பும் இருக்காது, வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டமும் இருக்காது. ஒன்றும் விசேஷமில்லாத நாள். வேலை என்பது அந்த மாதிரி நாட்களால் ஆனதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெண், கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவள், சிறுசேரியில் நேர்முகத்துக்குப் போகுமுன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாள். 6.30 எழுந்திருப்பது. ஹாஸ்டலில் இட்லி. பஸ்ஸா, கம்பெனி வண்டியா? அங்கே ஒரு கேள்விக்குறி. 9 மணிக்கு ஆபீஸ். பிறகு ஒரே வரி: "9 முதல் 6 வரை வேலை." அதற்குக் கீழே சாப்பாடு, வீட்டுக்கு போன், தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி எழுதியிருந்தாள். "ஏம்மா, இட்லிக்கு ஒரு வரி, ஒன்பது மணி நேரத்துக்கும் ஒரே வரியா?" என்றேன். சிரித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. தெரியாத இடம்தான் கேள்வி. காலையில் வந்ததும் என்ன செய்துகொண்டிருப்பேன்? எனக்கு வேலை கொடுப்பவர் இதே கட்டடத்தில் இருப்பாரா, வேறு நாட்டிலா? தவறு செய்தால் யார் பார்த்துத் திருத்துவார்? புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்தால் எத்தனை நாள், அப்போது என்ன கற்றுக்கொள்ளலாம்? நான்கு கேள்வி, இருபது நிமிடத்தில். ஒன்றும் பட்டியலிலிருந்து வந்ததல்ல.

பட்டியல் கேள்விகள் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், அவற்றுக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்கும் பட்டியல் உண்டு. "உங்கள் நிறுவனத்தின் கலாசாரம் எப்படி?" என்று கேட்பீர்கள். "நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி" என்போம். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது ஓவர்டைம் கொடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் கிடைக்கும். நடந்ததைக் கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்குமா?" என்றால் "அவசரம்னா எப்பவாவது" என்று பதில் வரும். "கடைசியா எந்த ஞாயிற்றுக்கிழமை சார் வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டால் மனிதர் ஒரு கணம் யோசித்தே ஆக வேண்டும். அந்த யோசனையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "முன்னேற வாய்ப்பு உண்டா?" என்பதைவிட, "இரண்டு வருஷம் முன்னாடி டிரெயினியா சேர்ந்தவங்க இப்ப என்னவா இருக்காங்க?" என்பது மேல். இதிலெல்லாம் தாய் மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. எந்த வேலைக்கும், பியூனிலிருந்து மேனேஜர்வரை, கேட்கக்கூடியது. இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எங்கே? பதவி உயர்ந்து மேலே போயிருந்தால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். புதிதாக உருவாக்கிய வேலை என்றால் அதையும் சொல்வார்கள். ஒரு வருடத்தில் மூன்று பேர் வந்து போன நாற்காலி என்றால், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படிப் பார்த்துக்கொண்டதுண்டு.

கேட்காமலே தெரிந்துகொள்ள முடிகிறதைக் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. "உங்க கம்பெனி என்ன தயாரிக்குது சார்?" என்று கேட்டவர்கள் உண்டு, நம்புங்கள். நிறுவனம் பதிவானது எந்த வருடம், இயக்குநர்கள் யார், கடைசியாக எப்போது கணக்குத் தாக்கல் செய்தது என்பதெல்லாம் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வருங்கால வைப்புநிதித் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பி.எஃப். கட்டினார்கள் என்று வரும். ஐந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்கிற இடத்தில் அறுபது பேருக்குத்தான் பணம் கட்டியிருக்கிறது என்றால், மிச்சப் பேர் யார் கணக்கில் இருக்கிறார்கள்? காண்டிராக்டில் இருக்கலாம், தப்பில்லை. அப்படியானால் நான் யார் கணக்கில் சேரப்போகிறேன் என்பது கேட்க வேண்டிய கேள்வி. பங்குச்சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல், ஆண்டறிக்கையோடு பொறுப்பறிக்கை ஒன்றையும் வெளியிட வேண்டும் என்று செபி விதி செய்திருக்கிறது. வேலையைவிட்டுப் போனவர் விகிதம், ஆண் பெண் வாரியாக, மூன்று வருடத்துக்கு அதில் அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "போன வருஷம் விட்டுப்போனவங்க கூடியிருக்காங்களே சார், எந்தப் பிரிவுல?" என்று கேட்கிற பிள்ளையை நான் மறக்கமாட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இனி பணம். பெற்றோர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது.

கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. வருடம் 4 லட்சம். அப்பா அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 33,333 என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அந்த 4 லட்சத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சி.டி.சி. உங்களை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வருவது அதுவல்ல. ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். உதாரணத்துக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். வேரியபிள் பே 40,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம், மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டி என்று ஒரு வரி. அடிப்படைச் சம்பளம் வருடம் 2 லட்சம் என்றால் அதில் 4.81 சதவீதம், சுமார் 9,600. மருத்துவக் காப்பீடு 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை போக 3,20,800. அதில் உங்கள் பங்குப் பி.எஃப். இன்னொரு 21,600 பிடிப்பார்கள். மிச்சம் 2,99,200. மாதத்துக்கு 24,900 சொச்சம். தொழில் வரியை நான் இன்னும் தொடவேயில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொன்ன 33,333-க்கும் இதற்கும் நடுவில் ஒரு ஹாஸ்டல் வாடகை இருக்கிறது.

யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. "மாசம் பேங்குக்கு எவ்வளவு சார் வரும்?" என்பது ஒன்று. "வேரியபிள் போன வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?" என்பது இன்னொன்று. நூறு சதவீதம் என்று எழுதிவிட்டு அறுபது கொடுக்கிற இடங்கள் உண்டு.

கிராஜுவிட்டியில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அந்தப் பணம். மூன்றாம் வருடம் விட்டுப் போகிறவருக்கு அது அட்டவணையில் மட்டும் இருந்த பணம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறித்த கால ஒப்பந்தத்தில் சேருகிறவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்துவிடுகிறது. ஆகவே, நான் நிரந்தரமா, குறித்த கால ஒப்பந்தமா, டிரெயினியா, அப்ரண்டிஸா என்று கேட்பது வார்த்தை விளையாட்டு இல்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதை எப்போது கேட்பது? இதை நான் எந்த எச்.ஆர். புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அப்பாருவிடம் கற்றேன். சித்திரை மாதம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன சந்தை. அப்பாரு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வாங்க வந்தவர் மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை பேசும் நேரம் வந்ததும் துண்டைப் போட்டுக் கையை மறைத்து, விரலைத் தொட்டுத்தான் பேரம். சின்ன வயதில் அந்தத் துண்டு எனக்கு மாயாஜாலமாகத் தெரியும். கொஞ்சம் வளர்ந்த பிறகு வேறொன்றைக் கவனித்தேன். துண்டு விழுவதற்கு முன்னால், விற்கிற அப்பாரு வாங்குகிறவரைக் கேள்வி கேட்பார். "எந்த ஊருங்க? கெணத்துல தண்ணி இருக்குதுங்களா? கட்டுத்தரை எப்படி? வண்டிக்கா, ஏருக்கா?" மாட்டை விற்கிறவர் எதற்கு இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று யாரும் முகம் சுளித்ததில்லை. கேட்காதவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்: மாட்டில் ஏதோ கோளாறு, தள்ளிவிடப் பார்க்கிறார்.

நேர்முக அறையிலும் அதே வரிசைதான். முதலில் தண்ணீர், கட்டுத்தரை, ஏர். வேலை என்ன, யார் கீழே, எந்த ஷிஃப்ட், எந்த ஊர். துண்டு விழுவது அவர்கள் உங்களை வேண்டும் என்று முடிவு செய்த பிறகு. ஆஃபர் லெட்டர் உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாளோ நான்கு நாளோ இருக்கும் அந்த இடைவெளியில்தான் உங்கள் குரலுக்கு எடை அதிகம். சம்பளப் பிரிவு, லீவு, நோட்டீஸ் பீரியட், பாண்ட் எல்லாம் அப்போது. முதல் சுற்றில் போய் "லீவு எத்தனை நாள்?" என்று ஆரம்பித்தால், எங்களில் சிலர் பென்சிலால் ஒரு சுழி போடுவோம். அது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் போடுவோம்.

பாண்ட் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு வருடம், மூன்று வருடம் இருந்தே ஆக வேண்டும், முன்னால் போனால் இத்தனை ரூபாய் என்று எழுதி வாங்குவது. சிலர் ஒரிஜினல் சான்றிதழையும் வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்கிறார்கள். "பாண்ட் செல்லாது, பயப்படாதே" என்று ஒரு மாமா சொல்வார். "போலீஸ் வரும்" என்று இன்னொரு மாமா சொல்வார். இரண்டு பேரையும் நம்பாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு வாங்கலாம் என்கிறது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அரசுத்துறை வங்கி, நிபந்தனை விளம்பரத்திலேயே இருந்தது. எல்லா பாண்டுக்கும் இதே தீர்ப்பு வரும் என்று அர்த்தமில்லை. வராது என்றும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது சட்டக் கேள்வியே அல்ல. "இந்தக் காகிதத்தை வீட்டுல காட்டிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடலாங்களா?" அவ்வளவுதான். முடியாது, இப்போதே போடு என்று ஒரு நிறுவனம் சொன்னால், காகிதத்தில் இருப்பதைப் படிக்காமலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளிடம் இன்றைக்கும் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒருமுறை என் பக்கத்தில் இருந்தவர் அதைக் கேட்டபோது அந்தப் பெண் அமைதியாக, "சார், கல்யாணமானவங்க இங்க எத்தனை பேர் சூப்பர்வைசரா இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டாள். ஒருவரும் இல்லை. அவளை எடுத்துக்கொண்டோம், அப்படி சூப்பர்வைசரான முதல் ஆள் அவள்தான். சட்டம் கொடுத்திருப்பதை நேர்முகத்தில் கேட்டு வாங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு 2017 திருத்தத்திலேயே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே வாயால் கேட்காமல் கண்ணால் கேளுங்கள். காத்திருக்கும்போது நோட்டீஸ் போர்டைப் படியுங்கள். அது வெறுமையாக இருந்தால், அல்லது போன ஆயுதபூஜைச் சுற்றறிக்கை இன்னும் தொங்கினால், அதுவும் பதில்தான்.

கண்ணால் கேட்பது என்றதும் சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' ஞாபகம் வருகிறது. 1970-இல் வந்த படம். கல்கத்தாவில் வேலை தேடும் இளைஞன். நேர்முகத்துக்கு வந்த கூட்டம் புழுக்கமான நடைபாதையில் காத்துக்கிடக்கிறது. உட்காரப் போதிய நாற்காலி இல்லை. ஒருவன் மயங்கி விழுகிறான். கதாநாயகன் பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்து மேசையைக் கவிழ்த்துவிடுகிறான். எனக்கு அந்தக் காட்சியில் அவன் கோபத்தைவிட அந்த நாற்காலிதான் மனசில் நின்றது. காத்திருப்பவனுக்கு நாற்காலி போடாத இடம், சேர்ந்தவனுக்கு என்ன போட்டுவிடப்போகிறது? நம் ஊர் ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே இருந்ததை 'அங்காடித் தெரு' 2010-இல் காட்டியது. அவர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது 2021-இல். கடை வேலைக்குப் போகிற பிள்ளை "உக்கார எடம் இருக்குங்களா?" என்று கேட்பது இன்றைக்கு அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, சட்டம்.

வாட்ச்மேனிடம் கேட்ட பிள்ளையை இங்கே கொஞ்சம் பாராட்டியாக வேண்டும். எச்.ஆருக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்குத் தெரியும். நேர்முகத்துக்கு முந்தின நாள், ஷிஃப்ட் விடும் நேரத்தில் அங்கே போய் ஒரு டீ குடியுங்கள். வெளியே வருகிறவர்கள் பேசிக்கொண்டு வருகிறார்களா, பேசாமல் வருகிறார்களா என்று பாருங்கள். டீக்கடைக்காரரிடம், "இங்க அக்கவுண்ட் வெச்சுக் குடிக்கறவங்க மாசம் எந்தத் தேதிக்குப் பணம் தர்றாங்கண்ணா?" என்று கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதிக்கு வருகிறது என்பதை அதைவிடச் சரியாக யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். போகலாம். நான்கு எழுதுங்கள், இரண்டு கேளுங்கள். பேச்சினூடே பதில் கிடைத்த கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட, "எழுதி வெச்சிருக்கேன் சார், பாத்துக்கலாங்களா?" என்று தாளை எடுப்பது எவ்வளவோ மரியாதை.

அப்படித் தாளை எடுத்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். 2003. ஆட்டோ பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம், நான் அங்கே எச்.ஆரில். பவர் பிரஸ் ஆபரேட்டர் வேலைக்கு ஐ.டி.ஐ. படித்தவர்களை எடுத்துக்கொண்டிருந்தோம். பத்தொன்பது வயது இருக்கும். நன்றாகப் பதில் சொன்னான். கடைசியில் வழக்கம்போல் கேட்டோம். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான்.

"சார், இதுக்கு முன்னாடி இந்த மிஷின்ல இருந்தவர் எங்க போனாருங்க?"

ஒர்க்ஸ் மேனேஜர், "வேற எடம் கெடைச்சுப் போயிட்டாருப்பா" என்றார்.

அது பொய். அந்த மெஷினில் இருந்தவருக்கு இரண்டு மாதத்துக்கு முன் வலது கையில் இரண்டு விரல் போயிருந்தது. இழப்பீட்டுக் காகிதங்களை நான்தான் எழுதினேன்.

பையன் தாளைப் பார்த்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டான். "ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கினாத்தான் பிரஸ் எறங்குங்களா? இல்ல கால் பெடலுங்களா? சென்சார் இருக்குங்களா?"

கால் பெடல்தான். சென்சார் இல்லை. மேனேஜர், "அதெல்லாம் டிரெய்னிங்ல சொல்லித்தருவோம்" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் அவன் சான்றிதழைப் பார்த்தேன்.

அவன் வெளியே போனதும் மேனேஜர், "வெவரமான பையன். நமக்கு ஒத்து வராது" என்று பெயரின்மேல் கோடு போட்டார். பட்டியல் சுற்றி வந்தது. கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். கேள்வி கேட்டால் வேலை போகுமா என்று ஆரம்பத்தில் ஒரு பயம் சொன்னேனே, அந்தக் கோடுதான் அது.

அவனுக்குப் பதிலாக எடுத்த பையன் ஒன்றும் கேட்கவில்லை. "இல்ல சார், தேங்க் யூ சார்" என்று எழுந்து போனான். அடுத்த வருடம் ஆடி மாதத்தில் இன்னொரு இழப்பீட்டுக் காகிதம் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சென்சார் வந்தது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வயது ஆகியிருக்கும். பத்து விரலோடு இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.